தெரிந்ததற்கு எதற்கு ஆராய்ச்சி?

கேள்வி: "தூக்கம் குறைந்தால் கவனம் சிதறும்: ஆய்வில் தகவல்" என்று செய்தி போடுகிறார்கள். இதை எங்கள் பாட்டியே சொல்வார். இதற்கெல்லாமா பணம் செலவழிப்பது?
– வாசகர், விழுப்புரம்

பதில்: உங்கள் எரிச்சல் நியாயம்தான். ஆனால் அது போய்ச் சேரவேண்டிய இடம் செய்தித் தலைப்பு. கவனம் சிதறுமா என்று யாரும் ஆராய்வதில்லை. எத்தனை மணி நேரம் குறைந்தால், எத்தனை நாளில், எவ்வளவு சிதறும் என்பதுதான் கேள்வி. 2003-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஆய்வில் சிலரை 14 நாள் தொடர்ந்து இரவில் 8, 6, 4 மணி நேரம் எனப் பிரித்துப் படுக்க வைத்தார்கள். 6 மணி நேரக்காரர்களின் கவனமும் நாளுக்கு நாள் தேய்ந்தது. அதைவிட முக்கியமானது, தாங்கள் அவ்வளவு தடுமாறுகிறோம் என்பது அவர்களுக்கே தெரியவில்லை. இரவு வண்டி ஓட்டுபவர் "எனக்குப் பழகிவிட்டது" என்று சொன்னால் நம்பக்கூடாது என்பதற்கு இதுதான் ஆதாரம். பாட்டியிடம் இந்தக் கணக்கு கிடைக்காது.

எல்லோருக்கும் தெரிந்த விஷயம் தப்பாகிப்போவதும் உண்டு. கடும் காய்ச்சலில் கை கால் சில்லிட்டு, நாடி தளர்ந்து வரும் குழந்தைக்கு உடனே வேகமாக சலைன் ஏற்றவேண்டும் என்பது அன்றைய மருத்துவப் பாடம். கென்யா, உகாண்டா, தான்சானியா மருத்துவமனைகளில் இதைச் சோதித்தபோது, தெரிந்த சங்கதிதானே என்று தோன்றியிருக்கும். ஒரு கிலோ எடைக்கு 20 முதல் 40 மில்லி, அதாவது 10 கிலோ குழந்தைக்கு 200 முதல் 400 மில்லி, ஒரு மணி நேரத்தில், ஒரு பிரிவுக்கு சலைனும் இன்னொரு பிரிவுக்கு அல்புமின் என்ற ரத்தப் புரதக் கரைசலும் ஏற்றினார்கள். மூன்றாவது பிரிவுக்கு அப்படி ஏற்றவில்லை. வழக்கமான அளவில் மெதுவாகச் சொட்டியது. 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள், வேகமாக ஏற்றிய இரு பிரிவுகளிலும் 100-க்கு 10.5 அளவில், மூன்றாவதில் 7.3. மொத்தம் 3,600 குழந்தைகளைச் சேர்க்கத் திட்டமிட்டிருந்தார்கள். 3,141-லேயே, 2011-ல், நிறுத்திவிட்டார்கள். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டதுதான் காரணம் என்று முதலில் சந்தேகம் எழுந்தது. பிறகு அலசியதில், ரத்த ஓட்டமே நிலைகுலைந்துபோனதுதான் கூடுதல் மரணங்களில் பெரும்பங்கு என்று தெரிந்தது.

பெற்றோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். வயிற்றுப்போக்கால் நீர் வற்றிய குழந்தைகள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலோ சலைனோ கட்டாயம் வேண்டும்.

கேள்வி: அப்படியானால் வீண் ஆராய்ச்சி என்று ஒன்றுமே இல்லையா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: நிறைய இருக்கிறது. ஆனால் 'இது தெரிந்ததுதானே' என்பதை வைத்து அதை அளக்க முடியாது. ஏற்கெனவே அளந்து முடித்ததைத் திரும்ப அளப்பதுதான் வீண். இதய அறுவையில் ரத்தப்போக்கைக் குறைக்கும் அப்ரோட்டினின் மருந்துக்கு 1987 முதல் 2002 வரை 64 சோதனைகள் நடந்தன. 1992-ல், 12-வது சோதனையோடு, ரத்தப்போக்கு குறைகிறதா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. பின்னால் வந்தவர்கள் முந்தைய கட்டுரைகளில் பெரும்பாலானவற்றைக் குறிப்பிடக்கூட இல்லை. அந்தச் சோதனைகளில் மருந்து தரப்படாத குழுவில் இருந்த நோயாளிகள் தேவையில்லாமல் ரத்தம் இழந்தார்கள். கோபப்படவேண்டிய இடம் இது.

ஒரு ஆய்வை எடைபோட, முன்னுரையில் முந்தைய ஆய்வுகள் தொகுக்கப்பட்டிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பிறகு ஒப்பீட்டுக் குழு உண்டா, எத்தனை பேர் என்று பாருங்கள். 'இரட்டிப்பு ஆபத்து' என்று எழுதியிருந்தால், எத்தனையிலிருந்து எத்தனை என்று தேடுங்கள். 10,000-க்கு 1 பேர் 2 ஆவதும் இரட்டிப்புதான், 10-க்கு 1 பேர் 2 ஆவதும் இரட்டிப்புதான். இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனை என்றால், மருத்துவச் சோதனைகளின் தேசியப் பதிவேட்டில் தேடலாம். 2009 ஜூன் முதல் அங்கே பதிவது கட்டாயம். எதை அளப்போம் என்று முதலில் பதிந்தார்களோ அதைத்தான் கட்டுரையிலும் முதலில் சொல்லியிருக்கிறார்களா என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். மாறியிருந்தால், மாற்றிய காரணத்தைக் கட்டுரை சொல்லியிருக்கவேண்டும்.