பத்துக்கு நாலு வாங்கிய பள்ளி

கேள்வி: டல்லாஸ் பக்கம் வீடு பார்க்கிறோம். பிடித்த வீட்டுக்குரிய அரசு எலிமென்டரி பள்ளிக்கு, வீடு விற்கும் இணையதளத்தில் பத்துக்கு நாலுதான் போட்டிருக்கிறது. பாதிக்கு மேல் ‘பொருளாதாரத்தில் பின்தங்கிய’ மாணவர்கள், ஆங்கிலம் கற்பவர்களும் நிறைய. பக்கத்துப் பள்ளிக்கு ஒன்பது, ஆனால் அங்கே வீட்டு விலை கட்டுப்படியாகாது. ‘அந்தப் பள்ளி வேண்டவே வேண்டாம்’ என்கிறார்கள் நண்பர்கள். மகள் கிண்டர்கார்டன் சேர வேண்டும். என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி, டெக்சாஸ்

பதில்: அந்த நாலை மட்டும் பார்த்து வீட்டை விட்டுவிடாதீர்கள். அது பெரும்பாலும் மாநிலத் தேர்வு மதிப்பெண்ணிலிருந்து வருவது. 2015 மத்தியச் சட்டப்படி வாசிப்புக்கும் கணக்குக்கும் ஆண்டுதோறும் தேர்வு வைப்பது 3 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு. அதாவது உங்கள் மகளுக்கு முதல் மூன்று வருடம் பாடம் எடுக்கப்போகிற ஆசிரியர்களிடம் படிக்கும் பிள்ளைகள் அந்தத் தேர்வை எழுதுவதே இல்லை. அப்புறம், எட்டு வயதுப் பிள்ளை வாங்கும் மதிப்பெண்ணில் பள்ளிக்கு வருவதற்கு முன்பு வீட்டில் கிடைத்தது, கிடைக்காதது எல்லாம் சேர்ந்திருக்கும். 1966-ல் வந்த, அமெரிக்கப் பள்ளிகளைப் பற்றிய பெரிய ஆய்வான கோல்மன் அறிக்கையே, பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பப் பின்னணிதான் மதிப்பெண்ணை அதிகம் தீர்மானிக்கிறது என்று சொன்னது.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கல்வி ஆய்வாளர் ஷான் ரியர்டனின் குழு நாடு முழுவதும் உள்ள தேர்வு முடிவுகளை அலசியபோது, சராசரி மதிப்பெண் குடும்ப வசதியோடு ஒட்டியே போனது, ஆனால் பிள்ளைகள் ஒரு வருடத்தில் எவ்வளவு கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்கும் வசதிக்கும் அவ்வளவு தொடர்பு இல்லை. நீங்கள் தேட வேண்டியது அந்த வளர்ச்சியைத்தான். டெக்சாஸ் பள்ளிகளுக்குக் கொடுக்கும் ஏ முதல் எஃப் வரையான தரத்தில் ‘பள்ளி முன்னேற்றம்’ என்று தனியாக ஒரு பகுதி உண்டு, முதலில் அதைப் பாருங்கள்.

பிறகு மாநிலக் கல்வித் துறையின் ஆண்டறிக்கையில் இந்தப் பள்ளியை எடுத்து, 3-ம் வகுப்பு வாசிப்பு என்ற இடத்துக்குப் போங்கள். ஸ்டார் என்கிற அந்த மாநிலத் தேர்வுக்கு அப்ரோச்சஸ், மீட்ஸ், மாஸ்டர்ஸ் என்று மூன்று சதவீதம் இருக்கும். அப்ரோச்சஸ் என்பது வெறும் பாஸ், மேலே உள்ளவர்களையும் சேர்த்தே எண்ணுவதால் அது எப்போதும் பெரிதாகத் தெரியும். மீட்ஸ் என்பது அந்த வகுப்புக்குரிய தரத்தை எட்டியவர்கள், மாஸ்டர்ஸ் அதற்கும் மேல். மீட்ஸை வைத்துப் பாருங்கள், அதையும் பிரிவு பிரிவாக: வசதி குறைந்த பிள்ளைகளின் எண்ணை ஒன்பது வாங்கிய பள்ளியின் அதே பிரிவோடு ஒப்பிடுங்கள். மொத்தத்தில் தெரிந்த பெரிய இடைவெளி அங்கே சில சமயம் சுருங்கிவிடும், தலைகீழாகக்கூட ஆகலாம். ஒரு பிரிவில் இருபது பேர்தான் என்றால் ஒரு பிள்ளைக்கே 5 சதவீதம். தவிர, போன வருட 3-ம் வகுப்பு வேறு பிள்ளைகள், இந்த வருடம் வேறு பிள்ளைகள். அதனால் மூன்று வருடத்தையாவது சேர்த்துப் பாருங்கள். ஆங்கிலம் கற்பவர்கள் பிரிவு குறைவாக இருந்தால் உடனே பயப்பட வேண்டாம், நன்றாகக் கற்றுக்கொண்ட பிள்ளை கொஞ்ச காலத்தில் அந்தப் பிரிவை விட்டே வெளியேறிவிடும்.

‘பொருளாதாரத்தில் பின்தங்கிய’ என்பதற்குப் பெரும்பாலும் இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதி உள்ளவர் என்றே பொருள். குடும்ப வருமானம் மத்திய அரசின் வறுமைக் கோட்டில் 185 சதவீதத்துக்குள் இருந்தால் அந்தத் தகுதி. அது அப்பா அம்மாவின் சம்பளத்தைப் பற்றிய தகவல், பிள்ளையின் புத்தியைப் பற்றியது இல்லை. அந்தப் பிள்ளைகளோடு நம் பிள்ளை படிக்கக் கூடாது என்று நம்மவர்கள் பேசிக்கொள்வது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

சரி, ஒருநாள் நேரில் போய்க் கிண்டர்கார்டன் வகுப்பைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். கடந்த மூன்று வருடத்தில் எத்தனை ஆசிரியர்கள் விலகினார்கள் என்று முதல்வரிடம் தயங்காமல் கேளுங்கள். வருடா வருடம் ஆசிரியர்கள் மாறிக்கொண்டே இருந்தால், அல்லது முன்னேற்றப் பகுதியும் மோசமாக இருந்தால், நானே வேண்டாம் என்பேன்.

கேள்வி: பள்ளியில் சேர்க்கும்போது வீட்டு மொழி கேட்கிறார்கள். தமிழ் என்று எழுதினால் பையனை ஆங்கிலம் தெரியாதவர்களோடு போட்டுவிடுவார்களாமே? ஆங்கிலம் என்றே எழுதிவிடலாமா?
- இன்னொரு வாசகர், டெக்சாஸ்

பதில்: உண்மையையே எழுதுங்கள். தமிழ் என்று எழுதியதும் நேராக எங்கேயும் போட்டுவிட மாட்டார்கள். முதலில் ஆங்கிலத் திறனைச் சோதிப்பார்கள், டெக்சாஸில் சேர்ந்த நான்கு வாரத்துக்குள் இது முடிய வேண்டும். பையனுக்கு ஆங்கிலம் போதுமான அளவு வருகிறது என்று தெரிந்தால் அதோடு சரி. உதவி தேவை என்று வந்தாலும் உங்கள் சம்மதம் கேட்பார்கள், மறுக்கவும் உரிமை உண்டு. மறுத்தாலும் ஆங்கிலம் கற்பவர் என்ற பதிவு அப்படியே இருக்கும், தேர்ச்சி பெறும்வரை வருடத்துக்கு ஒரு தடவை ஆங்கிலத் தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும். அதனால் சிறிய வகுப்பிலேயே கிடைக்கும் உதவியை வாங்கிக்கொள்வது நல்லது என்பேன்.