மரப்பட்டையில் பிறந்த ஆங்கிலச் சொற்கள்: கேள்வி பதில்

கேள்வி: மரப்பட்டைக்கு லத்தீனில் என்ன சொல்? ஆங்கிலத்தில் அதன் வாரிசுகள் எவை?

பதில்: கோர்டெக்ஸ். ஆங்கிலத்தார் கார்டெக்ஸ் என்பார்கள். கார்டிகல், டிகார்டிகேட், கார்டிகோஸ்டீராய்டு, கார்டிசோன், கார்டிசால் எல்லாம் அதன் வழி வந்தவை. மரப்பட்டைமேல் வளரும் லைக்கன்களை (பாசியும் பூஞ்சையும் இணைந்து வாழும் உயிர்) சொல்லும் ‘கார்டிகோலஸ்’ பெரும்பாலும் உயிரியலார் புழங்கும் சொல். ஆனால் பட்டை என்ற பழைய பொருளை அது அப்படியே வைத்திருக்கிறது.

கேள்வி: கார்டெக்ஸ், கார்டிகல் ஆகும்போது ‘எக்ஸ்’ எங்கே போனது?

பதில்: கோர்டெக்ஸ் என்பது லத்தீனில் எழுவாய் வடிவம். ஆறாம் வேற்றுமையில் அது கோர்டிகிஸ். புதுச் சொற்கள் இந்த இரண்டாவது வடிவத்தின் அடியிலிருந்தே முளைக்கின்றன. பன்மையும் அப்படியே: கார்டிசீஸ். இண்டெக்ஸ் இண்டிசீஸ் ஆவதும் வெர்டெக்ஸ் வெர்டிசீஸ் ஆவதும் இதே கதை. கார்டெக்ஸஸ் என்ற பன்மையையும் அகராதிகள் ஏற்கின்றன. மருத்துவ எழுத்தில் முன்னதுதான் அதிகம்.

கேள்வி: மூளைக்கும் மரப்பட்டைக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: வெளியடுக்கு என்பதுதான் சம்பந்தம். உடற்கூற்றியலார் இரண்டு சொற்களை ஜோடியாக எடுத்துக்கொண்டார்கள்: வெளியே இருப்பது கார்டெக்ஸ், உள்ளே இருப்பது மெடுல்லா. மெடுல்லாவுக்கு லத்தீனில் மஜ்ஜை, தண்டின் நடுச்சோறு என்று பொருள். சிறுநீரகத்தில் இந்த ஜோடியைத் தெளிவாகப் பார்க்கலாம். சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலும் உண்டு. பெருமூளையின் கார்டெக்ஸ் ஏறத்தாழ 2 முதல் 4 மி.மீ. தடிமன்தான்.

தமிழ்ப் பாடநூல்கள் இதைப் ‘புறணி’ என்கின்றன. ஊரில் புறணி பேசுவோர் நினைவுக்கு வந்தாலும், அந்த இடத்துக்கு நன்றாகவே பொருந்துகிற சொல். தாவரவியலில் மட்டும் கவனம் வேண்டும். அங்கே கார்டெக்ஸ் என்றால் பட்டை அல்ல. புறத்தோலுக்கும் கடத்துத் திசுவுக்கும் இடைப்பட்ட திசு. தண்டைத் தடிக்கவைக்கும் வளர்திசு அடுக்கான கேம்பியத்துக்கு வெளியே உள்ள அனைத்தும் சேர்ந்தால்தான் பட்டை. பெயர் பட்டையிலிருந்து வந்திருக்க, பட்டைக்கே அது பொருந்தாமல் போனதால் தேர்வில் பலர் குழம்புகிறார்கள்.

கேள்வி: கார்டிசோன் மருந்திலும் பட்டை இருக்கிறதா?

பதில்: பெயரில் மட்டும். அட்ரினல் சுரப்பியின் கார்டெக்ஸ் சுரக்கும் ஸ்டீராய்டுகளுக்குக் கார்டிகோஸ்டீராய்டு என்று பெயர். அவற்றில் ஒன்றான கார்டிகோஸ்டீரோனின் பெயரைச் சுருக்கியதில் கார்டிசோன் பிறந்தது. அதில் ‘ச’ ஒலிக்கு ‘எஸ்’ எழுத்து வருவது ‘ஸ்டீரோன்’ பகுதியின் மிச்சம். ‘சி’ போட்டோ ‘இசட்’ போட்டோ எழுதுவது பிழை.

கடைசி எழுத்துகளுக்கும் பொருள் உண்டு: ‘ஓன்’ கீட்டோனைக் குறிக்கும் (கார்பனோடு இரட்டைப் பிணைப்பில் ஆக்சிஜன்), ‘ஆல்’ ஹைட்ராக்சில் தொகுதியைக் குறிக்கும் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்தது). மூலக்கூறின் 11ஆம் கார்பனில் கீட்டோன் இருந்தால் கார்டிசோன். அதே இடத்தில் ஹைட்ராக்சில் இருந்தால் கார்டிசால். உடலில் வேலை செய்வது கார்டிசால்தான்; உட்கொண்ட கார்டிசோனைக் கல்லீரல் அதுவாக மாற்றுகிறது. இந்த ஆய்வுகளுக்காக 1950இல் கெண்டால், ரைக்ஸ்டைன், ஹென்ச் மூவரும் நோபல் பரிசு பெற்றார்கள். அட்ரினலின் இந்தக் குடும்பத்தில் சேராது. அது அதே சுரப்பியின் மெடுல்லாவில் சுரப்பது.

கேள்வி: டிகார்டிகேட் என்றால் பட்டை உரிப்பதா?

பதில்: ஆம், தோல், ஓடு, உமி நீக்குவதும் அதில் அடங்கும். நிலக்கடலை ஓடு உடைக்கும் இயந்திரமும் கற்றாழை நார் பிரிக்கும் இயந்திரமும் டிகார்டிகேட்டர்தான். நுரையீரலை இறுக்கிப் பிடித்திருக்கும் நார்த்திசு உறையை அறுவையில் உரித்தெடுப்பது டிகார்டிகேஷன்.

கேள்வி: பாட்டில் கார்க்?

பதில்: வழக்கு முடியவில்லை. ஸ்பானிய மொழி வழியே வந்தது என்பதில் பெரிய சச்சரவு இல்லை. அதற்கும் முந்தைய மூலம் கோர்டெக்ஸா, ஓக் மரத்தைக் குறிக்கும் க்வெர்குஸா என்பதில்தான் அகராதிகள் பிரிகின்றன. கார்க் ஓக் மரத்தின் பட்டையிலிருந்து கிடைக்கும் பொருள் என்பதால் இரண்டுமே பொருந்துவதுபோல் தோன்றும். பொருள் பொருத்தத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

கேள்வி: காதின் ‘ஆர்கன் ஆஃப் கார்ட்டி’? எக்ஸ்கோரியேட்? கார்டேஜ் ஊர்வலம்?

பதில்: மூன்றும் வெளியாட்கள். கார்ட்டி என்பது அல்ஃபோன்சோ கார்ட்டி என்ற இத்தாலிய உடற்கூற்றியலாரின் பெயர். தோலை உரிப்பதைச் சொல்லும் எக்ஸ்கோரியேட், தோலைக் குறிக்கும் லத்தீன் கோரியத்திலிருந்து வந்தது. கார்டேஜ், அரசவையைச் சொல்லும் ‘கோர்ட்’டின் உறவு.

கேள்வி: லைப்ரரியும் பட்டைதான் என்கிறார்களே?

பதில்: அது வேறு பட்டை. மரத்தின் உட்பட்டைக்கு லத்தீனில் லிபெர் என்று பெயர். அதே சொல் நூலையும் குறித்தது. பாப்பிரஸ் வருமுன் உட்பட்டையில் எழுதினார்கள் என்று ரோமானியர்களே நம்பினார்கள். லைப்ரரி, இசைநாடக உரையான லிப்ரெட்டோ, எழுத்து வழி அவதூறான லைபெல் மூன்றும் அதன் பிள்ளைகள். லைபெல்லின் முதற்பொருள் ‘சிறு நூல்’. லிபர்ட்டியை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். அதன் மூலம் ‘சுதந்திரமான’ என்று பொருள்படும் வேறொரு லீபெர். அங்கே இகரம் நெடில்.