இரண்டாவது கையெழுத்து

அன்புள்ள ஐயா,

நான் மருத்துவத் துறையில் பணிபுரிபவன். 11 ஆண்டுகளாக இங்கிலாந்தில், லண்டனுக்குத் தெற்கே வசிக்கிறேன். விளையாட்டுகளைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்து வருவதால் இதை உங்களிடம் கேட்கத் துணிந்தேன். என் பெயரையும் கிளப்பின் பெயரையும் வெளியிட வேண்டாம்.

இங்கே ஒரு கோல்ஃப் கிளப்பில் உறுப்பினராக இருக்கிறேன். என்னை அங்கே அழைத்துச் சென்று, உறுப்பினராகப் பரிந்துரைத்து, விளையாட்டின் பழக்கவழக்கங்களைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவர் எழுபது வயதைக் கடந்த ஒருவர். இந்த ஊரில் முதன்முதலாக என்னைத் தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தவரும் அவர்தான். சென்ற மாத மெடல் போட்டியில் (குறைவான அடிகளில் எல்லாக் குழிகளையும் முடிப்பவர் வெல்லும் போட்டி) நாங்கள் இருவரும் சேர்ந்து ஆடினோம். ஒவ்வொரு குழிக்கும் அவர் எடுத்த அடிகளை அவருடைய கார்டில் நான் எழுதினேன், என்னுடையவற்றை அவர் எழுதினார். 14ஆம் குழியில் அவர் அடித்த பந்து வலப்பக்க மரங்களுக்குள் போய்விட்டது. இருவரும் பிரிந்து தேடினோம். சற்று நேரத்தில் "கிடைத்துவிட்டது" என்று குரல் கொடுத்தார். திறந்த இடத்தில் கிடந்த ஒரு பந்தை அடித்துவிட்டு நடக்கத் தொடங்கினார். அதன் பிறகுதான் ஒரு புதருக்கடியில் அவருடைய பந்தை நான் கண்டேன். அவர் எப்போதும் வரையும் இரண்டு சிவப்புப் புள்ளிகள் அதில் இருந்தன. காலையில் அவர் என்னிடம் சொன்ன அதே எண்ணும் இருந்தது. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன், ஒன்றும் பேசவில்லை. அந்தக் குழிக்கு அவர் சொன்ன 5ஐ எழுதினேன். ஆட்டம் முடிந்ததும் கார்டில் கையெழுத்தும் போட்டேன். அவர் ஓர் அடி வித்தியாசத்தில் வென்றார்.

பணப் பரிசு இல்லாத சிறிய போட்டி இது. இதற்காக ஒரு பெரியவரைத் தலைகுனிய வைக்கலாமா? எனக்கு இவ்வளவு செய்தவரைக் காட்டிக்கொடுப்பது நன்றி மறந்த செயலாகாதா? அந்தப் பந்து இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். ஒவ்வொரு முறையும் என் மனம் அந்தப் பந்திலேயே போய் நின்றது. அது எதற்குச் சான்று என்பதை முதலில் நிதானமாக யோசிப்போம். இரண்டு சிவப்புப் புள்ளிகளை அவர் எப்போதும் வரைபவர் என்றால், முந்தைய வாரங்களில் அதே மரங்களுக்குள் அவர் தொலைத்த பந்துகளிலும் அந்தப் புள்ளிகள் இருக்கும். கோல்ஃப் பந்துகளில் பெரும்பாலும் 1 முதல் 4 வரையிலான எண்களே அச்சிடப்படுவதால், அதே எண் மறுபடி வருவதும் அதிசயமன்று. நீங்கள் கண்டது அன்றைய பந்தாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆயினும் அதை உறுதியாகச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவரே. அவரிடம் நீங்கள் கேட்கவில்லை. ஒரு மாதமாக அவரை மனத்துக்குள் குற்றவாளியாக நிறுத்தி வைத்திருக்கிறீர்கள், அவருக்கோ விளக்கம் சொல்லும் வாய்ப்பே கிடைக்கவில்லை. உங்கள் மௌனம் அவரைக் காப்பாற்றியது என்று நீங்கள் எண்ணுகிறீர்கள். அவருக்கு அது செய்த முதல் அநீதி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கிரிக்கெட்டில் நடுவர் ஆட்டத்தின் நடுவிலேயே நிற்கிறார். அமெச்சூர் கோல்ஃப் போட்டி நாளில் ஆட்டக்காரர்கள் 18 குழிகளிலும் பரவிக் கிடப்பார்கள், பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது. தன் மீதான தண்டனையைத் தானே விதித்துக்கொள்ள வேண்டும் என்பது கோல்ஃப் விதிகளின் முதற்பகுதியிலேயே இருக்கிறது. இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழைய எழுத்து வடிவ விதிகள் 1744இல் எடின்பரோவை அடுத்த லீத்தில் எழுதப்பட்ட 13 விதிகள். தொலைந்த பந்துக்கு அவற்றில் ஒரு தனி விதி உண்டு: கடைசியாக அடித்த இடத்துக்குத் திரும்பிச் சென்று வேறொரு பந்தைப் போட வேண்டும், எதிராளிக்கு ஓர் அடியை விட்டுக்கொடுக்க வேண்டும். இன்றைய விதியின் சாரமும் அதுவே. தேடுவதற்கான நேரம் மட்டும் 2019இல் 5 நிமிடத்திலிருந்து 3 நிமிடமாகக் குறைந்தது. மரங்களுக்குள் தேடும் மனிதனை நினைத்துப் பாருங்கள். அவன் தனியாக இருக்கிறான். சட்டைப் பையில் மாற்றுப் பந்து இருக்கிறது. பின்னால் அடுத்த குழு காத்து நிற்கிறது. அத்தனை பேர் பார்க்க, வந்த வழியே திரும்பி நடப்பது கூச்சமாக இருக்கிறது. இந்த விளையாட்டின் மிகப் பழைய சபலம் அந்த மரங்களுக்கிடையில்தான் இருக்கிறது. முதல் விதிகளை எழுதியவர்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

கோல்ஃபில் நேர்மை என்றதும் எல்லோரும் அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸின் கதையைச் சொல்வார்கள். நானும் சொல்கிறேன், ஆனால் வேறொரு காரணத்துக்காக. 1925இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் கன்ட்ரி கிளப்பில் யு.எஸ். ஓப்பன் கோல்ஃப் போட்டி நடந்தது. ஜோன்ஸுக்கு அப்போது 23 வயது. பணத்துக்காக ஆடாமல் அமெச்சூராகவே அப்போது ஆடி வந்தவர் அவர். முதல் சுற்றின் 11ஆம் குழியில், புல்லடர்ந்த சரிவில் பந்தின் பின்னே மட்டையை வைத்தபோது பந்து மிகச் சிறிது அசைந்தது என்று அவரே சொன்னார். வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. அதிகாரிகள் விசாரித்தார்கள், சான்று எதுவும் கிடைக்காததால் முடிவை அவரிடமே விட்டுவிட்டார்கள். அவர் தனக்கு ஓர் அடியைத் தண்டனையாகச் சேர்த்துக்கொண்டார். 76 ஆக இருந்திருக்க வேண்டிய சுற்று 77 ஆயிற்று. நான்கு சுற்றுகளின் முடிவில் அவரும் வில்லி மெக்ஃபார்லேனும் 291இல் சமமாக நின்றார்கள். அந்த ஓர் அடி இல்லையென்றால் கோப்பை அன்றே ஜோன்ஸுடையது. மறுபடியும் 18 குழிகள் ஆடினார்கள், இருவருக்கும் 75. இன்னும் 18 ஆடியபோது மெக்ஃபார்லேன் 72, ஜோன்ஸ் 73. பாராட்ட வந்தவர்களிடம், வங்கியைக் கொள்ளையடிக்காததற்காகவா என்னைப் புகழ்கிறீர்கள் என்ற பொருளில் அவர் கேட்டதாகச் சொல்வார்கள்.

இந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது அவருடைய தியாகத்தை அல்ல. தன் பந்தைப் பற்றி எழுந்த ஐயத்தை அவர் தனக்கு எதிராகவே தீர்த்துக்கொண்டார் என்பதைத்தான். தன் விஷயத்தில் ஐயம் வந்தால் தனக்கு எதிராகத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பிறர் விஷயத்தில் ஐயம் வந்தால் அவரிடமே கேட்க வேண்டும். இந்த இரண்டையும் நாம் அநேகமாக இடம் மாற்றிச் செய்கிறோம். நம் பந்துக்கு ஆயிரம் சமாதானங்களைத் தேடிக்கொள்கிறோம், அடுத்தவரிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் அவரைப் பற்றி ஒரு முடிவை நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்கிறோம்.

நீங்கள் அன்று கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். தவறான இடத்திலிருந்து ஆடிவிட்ட ஒருவர், அதனால் பெரிய அனுகூலம் அடைந்திருந்தாலும், அடுத்த குழியின் முதல் அடியை அடிப்பதற்கு முன்பு திரும்பிச் சென்று உரிய தண்டனை அடிகளோடு அதைச் சரிசெய்துகொள்ள விதி இடம் தருகிறது. அடுத்த டீயில், அதாவது அடுத்த குழிக்கான ஆட்டம் தொடங்கும் இடத்தில், பந்தை அடித்த பிறகு அந்தக் கதவு மூடிவிடும், பிறகு தகுதிநீக்கம்தான். 14ஆம் கிரீனுக்கும் (குழியைச் சுற்றியுள்ள புல்தரைக்கும்) 15ஆம் டீக்கும் இடையில் நீங்கள் இருவரும் சில நிமிடங்களாவது நடந்திருப்பீர்கள். அந்தப் பந்தைக் கையில் எடுத்து, "இது உங்களுடையதா என்று பாருங்கள்" என்று மட்டும் சொல்லியிருந்தால், அவர் தவறுதலாக வேறு பந்தை ஆடியிருந்தாலும், ஒரு கணச் சபலத்தில் தவறியிருந்தாலும், தலைகுனியாமல் திரும்பிவர அவருக்கு ஒரு வழி இருந்திருக்கும். நீங்கள் கோபத்தோடு குற்றம் சாட்ட வேண்டியிருக்கவில்லை. அந்தக் கேள்வியே போதுமானதாக இருந்திருக்கும், உங்களுக்கு அவர் செய்த அத்தனைக்கும் அதைவிட நல்ல கைம்மாறும் இருந்திருக்காது.

இனி உங்கள் கையெழுத்து. உங்கள் மெடலைப் போல மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் ஆட்டத்தில் ஒரு கார்டு செல்லுபடியாவதற்கு ஆடியவரின் ஒப்புதல் மட்டும் போதாது, அந்தக் கார்டை எழுதும் மார்க்கரின் ஒப்புதலும் வேண்டும். எழுதிய எண்ணிக்கை தவறு என்று மார்க்கருக்குத் தெரிந்தால் அவர் ஒப்பமிடாமல் விஷயத்தைப் போட்டிக் குழுவிடம் கொண்டுபோகலாம், கொண்டுபோகவும் வேண்டும். தவறு என்று தெரிந்தே ஒப்பமிட்ட மார்க்கரும் போட்டியில் ஆடுபவராக இருந்தால், அவரையும் தகுதிநீக்கம் செய்ய வேண்டும் என்று விதிகளுக்கான அதிகாரபூர்வ விளக்கம் சொல்கிறது. இதைப் பலர் அறிவதில்லை. மார்க்கரின் கையெழுத்து ஒரு சடங்கு என்று நினைத்து, கிளப்பின் மதுக்கூடத்தில் பேசிக்கொண்டே, கூட்டிப் பார்க்காமல் போட்டுவிடுகிறோம். நடுவர் இல்லாத விளையாட்டில் அந்த இரண்டாவது கையெழுத்துதான் நடுவர். அன்று 14ஆம் குழியில் நடந்தது என்ன என்று எனக்குத் தெரியாது. ஆனால் கார்டு மேசையில் நடந்தது தெரியும், ஏனென்றால் அதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நம்பாத ஓர் எண்ணுக்குச் சான்றளித்தீர்கள். உங்கள் மன வேதனையின் வேர் அவர் செய்ததில் இல்லை, இதில் இருக்கிறது என்பது என் எண்ணம். தவறாக எண்ணாதீர்கள்.

இதை உங்களுக்குச் சொல்லும் தகுதி எனக்கு ஒருவகையில் கசப்பான அனுபவத்திலிருந்து வந்தது. பல ஆண்டுகளுக்கு முன்பு மலையூர் ஒன்றின் மைதானத்தில் ஒரு போட்டியில் ஆடிக்கொண்டிருந்தேன். என் பந்து வேலியோரப் புல்லில் ஆழமாகப் புதைந்திருந்தது. நான் அருகே போனபோது அது புல்லின் மேல் எடுத்து வைத்ததைப் போல் நின்றது. எனக்காக மட்டை சுமந்து வந்த இளைஞன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். மட்டை சுமக்கும் கேடி (caddie) செய்வதற்கு ஆட்டக்காரரே பொறுப்பு என்பது விதி. அது எனக்குத் தெரிந்தும் நான் அவனை ஒன்றும் கேட்கவில்லை. நாள் முடிவில் நான் கொடுக்கப்போகும் பணத்தை நம்பியிருந்த அந்தப் பிள்ளை, என்னைப் போன்றவர்களுக்கு எது பிடிக்கும் என்று பழகியே அதைக் கற்றுக்கொண்டிருப்பான். அவன் கால் செய்ததை என் கண் ஏற்றுக்கொண்டது. அன்று எனக்குப் பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் அது சிறிய விஷயம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். இன்று அப்படி நினைக்கவில்லை.

பணமில்லாத சிறிய போட்டிதானே என்று கேட்கிறீர்கள். பணத்துக்கு ஆடும் போட்டியில் வென்றவருக்கு, அந்த வெற்றி பொய்யானாலும் பணமாவது கையில் மிஞ்சும். உங்கள் மெடலில் கையில் மிஞ்சுவது ஓர் எண் மட்டுமே. இத்தனை அடிகளில் இந்த மனிதர் இந்த மைதானத்தைச் சுற்றி வந்தார் என்ற ஒரு செய்தி. அது உண்மையில்லை என்றால் அங்கே வேறெதுவுமே நடக்கவில்லை. அந்த எண் அந்தக் கோப்பையோடு நின்றுவிடுவதும் இல்லை. 2020 முதல் நடைமுறையில் இருக்கும் உலக ஹேண்டிகேப் முறையில், ஒருவரின் அண்மைய 20 சுற்றுகளில் சிறந்த 8இன் சராசரியிலிருந்து அவருக்குரிய ஹேண்டிகேப், அதாவது போட்டியில் அவருடைய மொத்த அடிகளிலிருந்து கழிக்கப்படும் சலுகை, கணக்கிடப்படுகிறது. குறைத்து எழுதிய ஒரு கார்டு அந்த 8இல் ஒன்றாகிவிட்டால் அவருடைய ஹேண்டிகேப் உண்மைத் திறனைவிடக் கீழே இறங்கும். அடுத்த போட்டிகளில் அவரால் அந்த எண்ணுக்கு ஆட முடியாது. எழுபதைக் கடந்த உடலோடு, தன்னிடம் இல்லாத திறமையைத் துரத்திக்கொண்டு, மறுபடியும் மரங்களுக்குள் நிற்பார். இதற்கு நேரெதிராக, வேண்டுமென்றே மோசமான கார்டுகளைக் கொடுத்து ஹேண்டிகேப்பை ஏற்றிவைத்துக்கொண்டு பெரிய போட்டியில் வெல்பவர்களும் உண்டு. 1995இல் தொழில்முறை ஆட்டக்காரரும் அமெச்சூரும் இணைந்து ஆடும் பெபிள் பீச் புரோ-ஆம் போட்டியில் வென்ற ஓர் அமெச்சூரின் ஹேண்டிகேப் உண்மையானதல்ல என்று பின்னர் தெரியவந்து அந்த வெற்றி பறிக்கப்பட்டது. அது மாதக்கணக்கில் திட்டமிட்டுச் செய்யும் காரியம். உங்கள் நண்பர் செய்திருக்கக்கூடியதை அதனோடு ஒரே தட்டில் வைக்க நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன்.

நன்றியைப் பற்றிக் கேட்டீர்கள். நாம் செஞ்சோற்றுக் கடன் என்ற சொல்லோடு வளர்ந்தவர்கள், அந்தச் சொல்லின் கனம் எனக்கும் தெரியும். அந்நிய ஊரில் முதல் வேளைச் சோறு போட்டவருக்கு உங்கள் நெஞ்சில் இருக்கும் இடத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒருவர் இல்லவே இல்லை. ஓர் அடியில் தோற்று இரண்டாம் இடத்துக்கு வந்தவர். அவர் யார், எத்தனை ஆண்டுகளாக அந்த மெடலுக்காக ஆடி வருகிறார் என்பது எதையும் நீங்கள் எழுதவில்லை. அவர் உங்களுக்கு விருந்து வைத்திருக்க மாட்டார். அன்று நீங்கள் கையெழுத்திட்டபோது, உங்கள் கடனை அவருடைய கணக்கிலிருந்து அடைத்தீர்கள்.

இப்போது என்ன செய்யலாம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். முடிவு அறிவித்து ஒரு மாதமாயிற்றே என்று தயங்க வேண்டாம். எடுத்த அடிகளைவிடக் குறைவாகத் தெரிந்தே எழுதிய கார்டுக்கு, போட்டி முடிந்த பிறகும் தகுதிநீக்கம் பொருந்தும் என்று விதி சொல்கிறது. முதலில் நண்பரின் வீட்டுக்குப் போங்கள். கிளப்பில் வைத்துப் பேச வேண்டாம், தொலைபேசியிலும் வேண்டாம். அன்று கேட்டிருக்க வேண்டியதை இன்று கேட்கிறேன் என்று சொல்லி, பந்தை அவர் முன் வையுங்கள். அவர் சொல்லும் விளக்கம் உங்கள் மனத்துக்கு நேர்மையாகப் பட்டால், ஒரு மாதம் ஐயப்பட்டதற்காக அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். நீங்கள் அஞ்சுவதே உண்மையென்றால், இருவரும் சேர்ந்து போட்டிக் குழுச் செயலாளரைப் பாருங்கள். அவராகவே போய்ச் சொன்னால் கிளப் அவரை நடத்தும் விதமும் வேறாக இருக்கும். அவர் மறுத்தாலோ கோபப்பட்டாலோ நீங்கள் தனியாகப் போக வேண்டியிருக்கும். அப்போது அவரைப் பற்றிய புகாரோடு பேச்சைத் தொடங்க வேண்டாம். சென்ற மாத மெடலில் ஐயத்தோடு ஒரு கார்டுக்கு ஒப்பமிட்டேன், கண்டது இது என்று உங்களைப் பற்றி முதலில் சொல்லுங்கள். உங்கள் சுற்றும் அந்தப் போட்டியிலிருந்து நீக்கப்படலாம், அதை மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்ளுங்கள்.

அவரைச் சந்தித்த பிறகு முடிந்தால் எனக்கு எழுதுங்கள். அதை இங்கே வெளியிட மாட்டேன்.

அன்புடன்.