ஸ்கேன் நன்றாக இருக்கிறது, ஆள்தான் எழுந்திருக்கவில்லை

கேள்வி: என் கணவர் லாரி ஓட்டுநர், வயது 44. டிஸ்க் ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம். காலில் இறங்கிய வலி போய்விட்டது, இடுப்பு வலி போகவில்லை. குனியப் பயந்து நாள் முழுக்கப் படுத்திருக்கிறார். தூக்கமில்லை. "இனி நான் எதுக்கும் ஆகமாட்டேன்" என்கிறார். உறவினர்கள் நடிப்பு என்கிறார்கள். ஆபரேஷன் தோல்வியா?

பதில்: தோல்வி மாதிரித் தெரியவில்லை, சகோதரி. நரம்பை நசுக்கிய துண்டை எடுப்பதுதான் அந்த ஆபரேஷன். அதில் போகவேண்டியது கால் வலி, போய்விட்டது. இடுப்பு வலி குறைய நடையும் தூக்கமும் வேண்டும். அவர் பயந்து படுக்கிறார், படுக்கப் படுக்கத் தசை தளர்கிறது, வலி கூடுகிறது, பயமும் கூடுகிறது. நடிப்பில்லை, மனம் சோர்ந்தவருக்கு அதே வலி கூடுதலாகவே வலிக்கும்.

ஆபரேஷனுக்கு முன் சர்க்கரை, இசிஜி எல்லாம் பார்க்கிறோம். "தூங்குகிறீர்களா?" என்று கேட்கப் பெரும்பாலான படிவங்களில் கட்டமில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் 'ரெஸ்ட்' என்று எழுதுவார்கள், எத்தனை நாள் என்று எழுதமாட்டார்கள். பாவம், அவர் இன்னும் அதற்குத்தான் கட்டுப்பட்டுக் கிடக்கிறார்.

இந்த நேரத்தில்தான் யாராவது வருவார், "எனக்குத் தெரிஞ்ச பெரிய ஆஸ்பத்திரி, இன்னொரு ஸ்கேன்" என்று. நம்பாதீர்கள். கத்தி பட்ட இடத்தில் தழும்பு தெரியத்தான் செய்யும். வலியே இல்லாத 40 வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்தாலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருக்கும். அந்தத் தாளைக் காட்டித்தான் இரண்டாவது ஆபரேஷனை விற்கிறார்கள், கூட்டிப்போனவருக்குக் கமிஷன். முதுகில் ஏறி மிதிக்கும் வைத்தியரும், ஆயிரக்கணக்கில் பெல்ட் விற்பவரும் இதே ரகம்.

ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வேன். சிறுநீர் கழிக்க முடியாமல் போனால், அல்லது தெரியாமல் போய்விட்டால். ஆசனவாய், தொடை இடுக்கு மரத்தால். பாதம் தூக்க முடியாமல் தொங்கினால், அன்றைக்கே, நள்ளிரவானாலும், அவசரப் பிரிவுக்குப் போங்கள். காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். சிறுநீர், சகோதரி, சிறுநீரைக் கவனியுங்கள்.

அதெல்லாம் இல்லையென்றால், ஆபரேஷன் செய்தவரிடம் கேட்டுக்கொண்டு, நாளை முதல் பத்துப் பத்து நிமிடமாக மூன்று வேளை நடக்கட்டும். இந்த வாரமே மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அந்தப் பிரிவு உண்டு. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் இரவும் பகலும் இலவசமாகப் பேசலாம். சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாதீர்கள், உடனே கூட்டிப்போங்கள்.

போகும்போது இப்போது போடும் மாத்திரை அட்டைகள் அத்தனையும் கையில் இருக்கட்டும். டிரமடால் என்ற வலி மாத்திரையோடு சில மனச்சோர்வு மருந்துகள் சேரக்கூடாது. நரம்பு வலி மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம்.