கவிழ்த்து ஒட்டிய தாள்: ஜப்பானிய மர அச்சு, கேள்வி பதில்

கேள்வி: ஓவியர் வரைந்த தாளையே பலகையில் ஒட்டிச் செதுக்குவார்களாமே, அப்போ ஓவியம் என்ன ஆகும்?

போச்சு, அவ்வளவுதான். மெல்லிய தாளைக் கவிழ்த்து செர்ரிப் பலகையில் ஒட்டி, தாளோடு சேர்த்தே செதுக்குவார்கள். அச்சுக்குப் போகாதவைதான் தப்பின. 2020இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் 103 ஓவியங்களை வாங்கியது. அவர் திட்டமிட்ட புத்தகம் வெளிவராமல் போனதால்தான் அவை பிழைத்தன.

கேள்வி: அப்படியானால் வண்ணப் பலகைகளை எதை வைத்துச் செதுக்குவது?

அதற்குத்தான் கோட்டு அச்சு. ஜப்பானியர் 'கியோகோ' என்பார்கள். படத்தின் கோடுகளை மட்டும் செதுக்கிய கோட்டுப் பலகை முடிந்ததும் அதிலிருந்து கறுப்புக் கோடு மட்டும் உள்ள பிரதிகள் எடுப்பார்கள். ஓவியர் ஒரு தாளில் நீலம் வரும் இடங்களை மட்டும் சிவப்பு மையால் குறிப்பார், இன்னொன்றில் பச்சை வரும் இடங்களை. அந்தத் தாள்களும் ஆளுக்கொரு பலகையில் கவிழும். அழகு எங்கே என்றால், தாளை ஒவ்வொரு பலகையிலும் ஒரே இடத்தில் பொருத்த உதவும் 'கென்டோ' குறிகளும் கோட்டுப் பலகையிலேயே இருக்கும். மூலையில் 'ட' போல ஒன்று, நீளப் பக்கத்தில் நேர்கோடாக ஒன்று. அவையும் பிரதியில் அச்சாகி, படத்தோடு சேர்ந்தே எல்லாப் பலகைக்கும் போய்விடும். அளவுகோலே வேண்டாம்.

கேள்வி: என் வண்ணங்கள் ஒரு மில்லிமீட்டர் தள்ளி விழுகின்றன. கென்டோ சரியாகத்தான் வெட்டியிருக்கிறேன்.

தாள் விரிந்திருக்கும். பிரதி எடுக்கும்போது தாளை நனைக்காதீர்கள். பசையைத் தாளில் தடவாமல் பலகையில் தடவுங்கள், மிக மெல்லிதாக. என் முதல் பலகையில் தோசை மாவு மாதிரி ஊற்றினேன். படத்திலிருந்த பெண்ணின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விட்டது! ஒட்டியபின் இழுத்துத் தேய்க்காமல் உள்ளங்கையால் அமுக்குங்கள். அப்புறம் தாளின் முதுகை விரல் நுனியால் உருட்டி உருட்டி நாரை உரித்தால் கோடு மேலே தெரியும். துளி எண்ணெய் தடவினால் இன்னும் பளிச்சென்று தெரியும்.

கேள்வி: கத்தியை நேராகப் பிடிப்பதா, சாய்த்தா?

சாய்த்து. கோட்டின் அடி, தலையைவிட அகலமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தத்தில் உடையும்.

கேள்வி: செதுக்குபவர் வெறும் நகல் எடுப்பவர்தானே?

நெற்றியோர முடியைப் பாருங்கள். பல நேரம் ஓவியர் கூந்தலின் வடிவத்தை மட்டும் காட்டிவிட்டு விடுவார். ஒவ்வொரு இழையும் தலைமைச் செதுக்குநரின் கை. ஆடையெல்லாம் சீடர்களுக்கு. இந்தச் சுதந்திரம் ஹொகுசாய்க்குப் பயம். இளமையில் அவரே செதுக்கப் பழகியவர் அல்லவா! செதுக்குநர் எகாவா தொமேகிச்சியிடமே வேலையைக் கொடுக்கும்படி பதிப்பாளருக்குக் கடிதம் எழுதினார். தான் போடாத கீழ் இமைக்கோட்டைச் சேர்க்க வேண்டாம், மூக்கை உதாகவா என்ற ஓவியர் குழுவின் பாணியில் வெட்ட வேண்டாம் என்று மூக்கை வரைந்தே காட்டினார்.