குளிர்ந்த ஓவனில் ‘எஃப் 10’: வாசகர் கேள்வி – பதில்

மின் அடுப்பு, ஓவன், இண்டக்‌ஷன் அடுப்பு ஆகியவற்றின் திரையில் தோன்றும் பிழைக் குறியீடுகளைப் பற்றி வந்துள்ள கடிதங்களிலிருந்து நான்கை இம்முறை எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: மேலே நான்கு அடுப்பும் கீழே ஓவனும் சேர்ந்த மின் ரேஞ்ச் ஒன்றை ஆறு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். தீபாவளிக்கு முந்தைய வாரம், ஓவனைத் தொடவே தொடாத ஒரு காலையில், திரையில் ‘எஃப் 10’ என்று தோன்றி ‘பீப்’ ஒலி விடாமல் கேட்கத் தொடங்கியது. ஓவன் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது என்று கையேடு சொல்கிறது. உள்ளே கை வைத்துப் பார்த்தால் சூடே இல்லை. பழுதுபார்க்க வந்தவர் எதையும் கழற்றிப் பார்க்காமலேயே, போர்டு (ரேஞ்சை இயக்கும் மின்னணுப் பலகை) போய்விட்டது, மாற்ற 850 வெள்ளி ஆகும் என்றார். மாற்றிவிடலாமா? (இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று தெரியவில்லை: சில வாரங்களாகவே, வழக்கமான நேரம் வைத்தும் கேக் சரியாக வேகவில்லை, நிறமும் ஏறவில்லை.)
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். நீங்கள் அடைப்புக்குறிக்குள் ஒதுக்கிவைத்த கடைசி வாக்கியத்தில்தான் விடைக்கான தடயம் இருக்கிறது.

ஓவனின் உட்சுவரில் பென்சில் பருமனில் ஒரு சிறு உலோகக் குச்சி நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் வெப்பச் சென்சார். இவ்வகை ரேஞ்சுகள் பலவற்றில் அதற்குள் இருப்பது ஒரு பிளாட்டினம் மின்தடை. 0 பாகை செல்சியஸில் 1000 ஓம் காட்டும் அது, வெப்பம் ஒரு பாகை ஏறும்தோறும் ஏறத்தாழ 3.85 ஓம் கூடும். போர்டுக்கு ஓவனின் சூட்டை நேரடியாக அறியும் வழி எதுவும் இல்லை. அந்த மின்தடையை அளந்து, அதையே பாகையாக மாற்றிக் கணக்கிட்டுக்கொள்கிறது. ஆகவே சென்சாருக்கும் போர்டுக்கும் இடையே உள்ள கனெக்டரில் எண்ணெய்ப் பிசுக்கோ துருவோ ஏறி இணைப்புத் தளர்ந்துவிட்டால், அங்கே கூடும் மின்தடையையும் போர்டு வெப்பமாகவே எடுத்துக்கொள்ளும்.

இணைப்புக் கோளாறால் 100 ஓம் மட்டும் கூடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். உள்ளே உண்மையில் 154 பாகை இருக்கும்போதே, போர்டு 180 பாகை வந்துவிட்டதாகக் கணக்கிட்டு, சூடேற்றும் எலெமென்டை நிறுத்திவிடும். கேக் வேகாமல் போனதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். இணைப்பு மேலும் கெட்டு, ஒரு நாள் திடீரென ஆயிரம் ஓமுக்கு மேல் கூடிவிடும்போது, போர்டின் கணக்கில் ஓவன் கொதித்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் கையை வைத்தால் குளிர்ந்து கிடக்கிறது. குறியீடு பொய் சொல்லவில்லை. தனக்கு வந்த அளவைத்தான் அது சொல்கிறது. எந்தப் பாகம் கெட்டது என்று சொல்லும் வேலை குறியீட்டுக்குக் கிடையாது. குறியீட்டைப் பார்த்த மாத்திரத்தில் போர்டு என்று சொல்லிவிடும் வழக்கம் நம் ஊரில் அதிகம், போர்டுதான் விலை கூடிய பாகம் என்பதையும் சேர்த்தே கவனிக்க வேண்டியிருக்கிறது.

ரேஞ்சுக்கென்று சுவரில் இருக்கும் தனி சுவிட்சை முதலில் அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். மின்சாரம் போய்வந்தபோது ஏற்பட்ட குழப்பம் என்றால் அத்துடன் தீர்ந்துவிடும். குறியீடு திரும்ப வந்தால், ஓவனை நிறுத்தி வைத்திருக்கும் நிலையிலும் அது தானாகச் சூடேறுகிறதா என்று கதவைத் திறந்து கவனியுங்கள். சூடேறினால் கதை வேறு: போர்டில் எலெமென்டை இயக்கும் ரிலே எனும் தானியங்கி சுவிட்சின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டுவிட்டன, அதாவது போர்டுதான் கெட்டது, சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு, பழுது நீங்கும்வரை ரேஞ்சைத் தொடாதீர்கள். உங்கள் கடிதத்தின்படி ஓவன் குளிர்ந்துதான் இருக்கிறது என்பதால், சந்தேகம் சென்சார் பக்கமே சாய்கிறது.

அடுத்த வேலை பழுதுபார்ப்பவருடையது. நீங்கள் அருகில் நின்று பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். மின்சாரத்தை முழுவதும் துண்டித்தபின், சென்சாரின் இரு கம்பிகளுக்கும் இடையிலான மின்தடையை மல்டிமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். பிளாட்டினம் வகையாக இருந்தால், 30 பாகை இருக்கும் கோலாலம்பூர் சமையலறையில் 1115 ஓமை ஒட்டி வர வேண்டும். குச்சியைக் கையால் பொத்திப் பிடித்தால் அந்த எண் மெல்ல ஏற வேண்டும். (சில தயாரிப்புகளில் வேறு வகைச் சென்சார் இருக்கும், அதன் அளவு, பின்பலகையின் உட்புறத்தில் மடித்துச் செருகப்பட்டிருக்கும் தொழில்நுட்பத் தாளில் காணப்படும். அந்தத் தாளை எடுத்து எறிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.) பிறகு அதே அளவை, கம்பி போர்டில் போய்ச் செருகும் முனையிலும் எடுக்க வேண்டும், எடுக்கும்போது இடையிலுள்ள கனெக்டரை விரலால் சற்று அசைத்துப் பார்க்க வேண்டும். சென்சாரில் சரியாக இருந்து, போர்டு முனையில் கூடினாலோ அசைக்கும்போது துள்ளினாலோ, கோளாறு வழியில் உள்ள கம்பியில் இருக்கிறது. கம்பிக்கும் ரேஞ்சின் உலோக உடலுக்கும் இடையில் எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. இரு முனைகளிலும் அளவு சரியாக வந்து, அப்போதும் குறியீடு திரும்பினால், போர்டை மாற்றுங்கள். அந்த 850 வெள்ளி அப்போது வீணாகாது.

கம்பியை ஒட்டுப்போட நேர்ந்தால், சாதாரண பிளாஸ்டிக் கனெக்டரோ கறுப்பு டேப்போ ஓவனின் பின்புறச் சூட்டுக்குத் தாங்காது. அதிக வெப்பம் தாங்கும் கம்பியும் பீங்கான் கனெக்டரும் தேவை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: என் இண்டக்‌ஷன் அடுப்பில் மீன் குழம்பு, சாம்பார் எல்லாம் தொல்லையின்றி ஆகின்றன. தோசைக்கல்லை வைத்தால் மட்டும், மூன்று நான்கு தோசைக்குள் ‘ஈ 3’ என்று காட்டி நின்றுவிடுகிறது. இணையத்தில் தேடினால் ஒருவர் மின்னழுத்தம் என்கிறார், இன்னொருவர் சூடு என்கிறார். மேடையில் எண்ணெய் படியாமலிருக்க அடுப்புக்குக் கீழே நாளிதழ் விரித்து வைப்பது வழக்கம். 
– வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: இருவரும் தத்தம் அடுப்புக்குச் சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள். இந்தக் குறியீடுகளுக்குப் பொதுவான அகராதி கிடையாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாதிரிகளில்கூட ஒரே எண்ணுக்கு வெவ்வேறு பொருள் இருக்கும். உங்கள் அடுப்பின் அடியில் ஒட்டப்பட்டுள்ள மாதிரி எண்ணுக்குரிய கையேட்டைத் தவிர வேறெதையும் நம்பாதீர்கள்.

ஆனால் குழம்புக்கு வராமல் தோசைக்கு மட்டும் வருவதாக நீங்கள் எழுதியிருப்பதால், சூடு என்பதற்கே வாய்ப்பு அதிகம். குழம்பில் நீர் இருக்கும்வரை சட்டியின் அடி 100 பாகையை அதிகம் தாண்டாது. கனமான வார்ப்பிரும்புக் கல்லோ, மாவு ஊற்றாமல் காயவிடும்போது 200 பாகையைச் சுலபமாகக் கடக்கும். அந்தச் சூடு கண்ணாடி வழியாக, பாத்திரத்தைச் சூடேற்றும் கம்பிச் சுருளின் நடுவே கண்ணாடியின் அடிப்பக்கத்தை ஒட்டியிருக்கும் சென்சாரை எட்டியவுடன் அடுப்பு தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். கல்லை 2000 வாட்டில் காயவைக்காமல், 800 வாட் அளவில் ஐந்தாறு நிமிடம் பொறுமையாகக் காயவிட்டு, அதே அளவிலேயே தோசையை வார்த்தெடுங்கள்.

நாளிதழை இன்றே எடுத்துவிடுங்கள். இவ்வகை அடுப்புகள் பெரும்பாலும் அடியிலிருந்து காற்றை இழுத்துத்தான் உள்ளே உள்ள மின்னணுப் பாகங்களைக் குளிர்விக்கின்றன. தாள் அந்தத் துளைகளில் போய் ஒட்டிக்கொள்ளும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, மின்விசிறி சுழலும் ஓசை கேட்கிறதா என்றும் பாருங்கள். விசிறிக்குள் கரப்பான் பூச்சி சிக்கிக்கிடப்பது நம் சமையலறைகளில் அரிதான காட்சி அன்று. அதை எடுக்க அடுப்பைத் திறக்கும் வேலையை மட்டும் வீட்டில் யாரும் செய்ய வேண்டாம்: 230 வோல்ட் மின்சாரம் உள்ளே ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்சாரமாக மாறி மின்தேக்கியில் நிற்கிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் நிற்கலாம்.

மின்னழுத்தம்தான் காரணம் என்று கையேடு சொன்னால், முதலில் எக்ஸ்டென்ஷன் வயரைக் கழற்றிவிட்டு நேரடியாகச் சுவரில் செருகிப் பாருங்கள். 2000 வாட் அடுப்பு 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். மெல்லிய வயரில் வழியிலேயே வோல்ட் குறைந்துவிடும், பிளக்கும் சுடும். நம் நாட்டில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டிலிருந்து 10 விழுக்காடு மேலும் 6 விழுக்காடு கீழும், அதாவது 253 முதல் 216 வரை, இருக்கலாம். சுவரிலேயே அதற்குக் கீழ் போனால் மின்சார நிறுவனமான தெனாகாவின் 15454 எண்ணுக்கு அழைத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: மாலை இடி மழைக்குப் பிறகு எங்கள் ஓவனின் பொத்தான் எதுவும் வேலை செய்யவில்லை, ‘எஃப் 11’ என்று காட்டுகிறது. அன்று காலையில்தான் முகப்பைத் தெளிப்பான் கொண்டு துடைத்தேன். 
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: இடியின் மீது பழியைப் போடுவதற்கு முன் தெளிப்பானைச் சந்தேகியுங்கள். ஃபிரிஜிடேர் நிறுவனத்தின் ஓவன்களில் ‘எஃப் 11’ என்றால், ஒரு பொத்தான் அழுத்தியபடியே இருப்பதாக போர்டு உணர்கிறது என்று பொருள். ஜிஇ நிறுவனத்தின் ரேஞ்சுகளில் இதே கோளாறு ‘எஃப் 7’ என்று வரும். முகப்பின் ஓரத்தில் இறங்கிய ஈரமும் இதைச் செய்யும். சுவர் சுவிட்சை அணைத்து ஒரு நாள் முழுக்க உலரவிடுங்கள். அப்போதும் மாறாவிட்டால் பொத்தான் முகப்பையோ போர்டையோ மாற்ற வேண்டி வரும். இனி நீரைத் துணியில் தெளித்து, அந்தத் துணியால் துடைப்பது போதும். இடி விழும்போது சுவர் சுவிட்சை அணைத்துவைப்பதும் நல்லதே.

கேள்வி: நான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ரேஞ்சுக்குச் சென்சார் இப்போது வருவதில்லை, புதிய ரேஞ்ச் வாங்குங்கள் என்று விற்பனையாளர் கைவிரிக்கிறார். ஒன்றும் செய்ய முடியாதா? 
– வாசகர், கெப்போங், கோலாலம்பூர்

பதில்: செய்யலாம். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், 37-ஆவது பிரிவில், பொருளை விற்றபின் நியாயமான காலத்துக்குப் பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப்பாகமும் கிடைக்கச் செய்ய உரிய நடவடிக்கை எடுப்பது தயாரிப்பாளர், விற்பனையாளர் ஆகியோரின் பொறுப்பு என்கிறது. ஒரு விதிவிலக்கு உண்டு: அத்தகைய உத்தரவாதம் தரமாட்டோம் என்று வாங்கும்போதே உங்களுக்குத் தெரிவித்திருந்தால் இந்தப் பிரிவு உதவாது. ஆகவே ரசீதின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பதையும் உத்தரவாத அட்டையையும் முதலில் வாசித்துவிடுங்கள்.

அப்படி ஒன்றும் இல்லையென்றால், மாதிரி எண், வாங்கிய நாள், தேவைப்படும் பாகம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் கேளுங்கள். வாய்மொழி மறுப்புக்குச் சான்று இருக்காது. பதில் வராவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது; மனுக் கட்டணம் 5 வெள்ளி; அங்கே வழக்கறிஞர் தேவையில்லை. கோரிக்கைக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பதால், விற்பனையாளர் மறுத்த நாளைக் குறித்துவையுங்கள்.

இதற்கிடையில், சென்சாரைக் கழற்றி அதன்மேல் உள்ள பாக எண்ணைப் பார்த்து, உதிரிப்பாகக் கடையில் விசாரிப்பதிலும் தவறில்லை. மின்தடை அளவும், கனெக்டரும், குச்சியின் நீளமும் பொருந்தினால், வேறு மாதிரிக்கென்று வந்த சென்சாரே உங்களுடையதற்கும் பொருந்தக்கூடும்.