ஹில்டெகார்ட் க்னேஃப்: பத்து நிமிடத்துக்குள் எதைப் பேசுவது?

கேள்வி: ஜெர்மன் மொழி வகுப்பில் பி1 நிலையில் படிக்கிறேன். ஒரு ஜெர்மன் கலைஞரைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு வந்த பெயர் ஹில்டெகார்ட் க்னேஃப். நடிகை, பாடகி, எழுத்தாளர் என்று என்னென்னவோ வருகிறது. தேடினாலே 1951ஆம் ஆண்டு நிர்வாணக் காட்சிதான் முன்னால் வந்து நிற்கிறது. எதைச் சொல்வது, எதை விடுவது? எந்தப் படத்தைப் பார்க்கலாம்?

பதில்: அந்தக் காட்சிக்கு ஒரு நிமிடம் போதும். பிறப்பு, கல்யாணம், படம், விருது என்று வரிசையாக ஒப்பிப்பதையும் தவிர்த்துவிடுங்கள். 1925 டிசம்பரில் உல்ம் நகரில் பிறந்து, 2002 பிப்ரவரியில் பெர்லினில் இறந்தவர். மூன்று முறை மணந்தவர். இதையெல்லாம் விரித்தால் மணி அடித்துவிடும். ஒரு படம், ஒரு பாட்டு இரண்டையும் தூணாக நிறுத்திக்கொள்ளுங்கள். மற்றது எல்லாம் நடுவில் தானாக வந்து உட்காரும்.

படம், 1946இல் வந்த 'டி மோர்டர் சிண்ட் உன்டர் உன்ஸ்'. 'கொலைகாரர்கள் நம்மிடையே' என்று பொருள். போருக்குப் பின் ஜெர்மனியில் எடுத்த முதல் கதைப்படம் இது. இயக்கியவர் வோல்ஃப்காங் ஸ்டாட்டே, தயாரித்தது ஜெர்மனியில் சோவியத் படை பிடித்து வைத்திருந்த பகுதியில் தொடங்கிய டெஃபா நிறுவனம். வதைமுகாமிலிருந்து உயிரோடு திரும்பும் சுசான என்ற பெண்ணாக க்னேஃப் வருகிறார். வந்து பார்த்தால், அவருடைய வீட்டில் மெர்டன்ஸ் என்ற மருத்துவர் குடியிருக்கிறார். போரில் கண்ட படுகொலையை மறக்க முடியாமல் குடியே கதியென்று கிடப்பவர். பின்னால் தெரியும் இடிபாடு பெரும்பாலும் செட் இல்லை, அன்றைய பெர்லினேதான். உடைந்த ஜன்னலுக்குக் கண்ணாடி கிடைக்காத ஊர். எக்ஸ்ரே படங்களைக் கொண்டு ஜன்னலை அடைப்பார்கள். யாருடைய விலா எலும்போ, அதன் வழியாக அறைக்குள் வெளிச்சம் வரும். வகுப்பில் ஒரு துண்டு போட்டுக் காட்டுவதென்றால் இதைக் காட்டுங்கள். ஆங்கில சப்டைட்டிலோடு கிடைக்கிறது.

படத்தில் ஒரு குறையும் உண்டு. முகாமிலிருந்து வந்தவர் போலவா இருக்கிறார் சுசான? வாரிய தலையும் பளிச்சென்ற முகமுமாக, நேற்றுத்தான் ஊருக்குப் போய்விட்டு வந்தவர் மாதிரி இருக்கிறார். இதைச் சொல்லத் தயங்க வேண்டாம். ஏனென்றால் இதைவிடப் பெரிய முரண் ஒன்று வெளியே இருக்கிறது. பதின்வயதில் உஃபா ஸ்டுடியோவில் அனிமேஷன் படம் வரையப் பயிற்சி எடுத்து, பிறகு நடிப்புக்கு வந்தவர் க்னேஃப். போர்க்காலத்தில் அவர் காதலித்தது ஏவால்ட் ஃபான் டெமான்டோவ்ஸ்கியை. நாஜி ஆட்சியில் டோபிஸ் படநிறுவனத்தின் தயாரிப்புத் தலைவர் அவர், சாதாரண ஆள் இல்லை. 1945இல் பெர்லின் விழும்போது க்னேஃப் ஆண் வேடத்தில் ராணுவச் சீருடை போட்டுக்கொண்டு அவர்கூடவே இருந்தார், சோவியத் படையிடம் சிக்கினார், கைதி முகாமிலிருந்து தப்பினார். அடுத்த ஆண்டே திரையில் நாஜிகளின் கைதியாக வருகிறார். படம் வெளியான அதே 1946 அக்டோபரில்தான் டெமான்டோவ்ஸ்கியை சோவியத் தரப்பு சுட்டுக் கொன்றது.

இதில் ஒரு எச்சரிக்கை. ஆண் வேடம், கைதி முகாம் கதையெல்லாம் பரவலாகத் தெரிந்தது அவருடைய தன்வரலாறு வழியாக. 1970இல் வந்த 'டெர் கெஷெங்க்டெ கவுல்' ('பரிசாக வந்த குதிரை') என்ற அந்தப் புத்தகம் பல மொழிகளுக்குப் போய் அமோகமாக விற்றது. அபாரமாக எழுதியிருக்கிறார், ஆனால் எழுதியவர் ஒரு நடிகை. அதனால் "அவரே எழுதியபடி" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள்.

அப்புறம் ஹாலிவுட். தயாரிப்பாளர் டேவிட் ஓ. செல்ஸ்னிக் ஒப்பந்தம் போட்டார். பெயரை மாற்றிக்கொள், ஆஸ்திரியாக்காரி என்று சொல் என்றார்களாம், மறுத்துவிட்டார். பெயர் மட்டும் கொஞ்சம் உருமாறியது. அமெரிக்கப் படங்களில் அவரை 'நெஃப்' என்று தேடினால்தான் கிடைப்பார். உங்கள் குழப்பத்தில் பாதி இதனால்தான்.

இப்போது அந்த ஒரு நிமிடம். 1951இல் வில்லி ஃபோர்ஸ்ட் இயக்கிய 'டி ஸ்யுண்டரின்', அதாவது 'பாவி'. ஓவியருக்கு மாடலாக நிற்கும் நாயகி சில விநாடி, அதுவும் தூரத்தில், ஆடையில்லாமல் தெரிவார். அதற்குத்தான் அத்தனை ரகளை என்று எழுதுகிறவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். நாயகி விபச்சாரம் செய்து காதலனைக் காப்பாற்றப் பார்க்கிறாள். கடைசியில் அவன் சாக உதவிவிட்டுத் தானும் உயிரை விடுகிறாள். தேவாலயங்களுக்குப் பொறுக்க முடியாமல் போனதில் இதற்குப் பெரிய பங்கு. கொலோன் கர்தினால் ஃப்ரிங்ஸ் படத்தைக் கண்டித்தார், தியேட்டர்களில் நாற்றக் குண்டு வீசினார்கள், சில ஊர்களில் தடை வந்தது. 1954இல் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம், திரைப்படத்துக்கும் கலைச் சுதந்திரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. உங்கள் பேச்சுக்குத் தேவை இந்தத் தீர்ப்புதான். படம் என் கணக்கில் சுமார் ரகம், உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை.

1955இல் பிராட்வேயில் இசையமைப்பாளர் கோல் போர்ட்டரின் 'சில்க் ஸ்டாக்கிங்ஸ்' இசை நாடகத்தில் நாயகி நினோச்காவாக நடித்தார். 478 முறை மேடையேறிய நாடகம். ஆனாலும் 1957இல் அது படமானபோது வேஷம் நடிகை சிட் சரீஸுக்குப் போய்விட்டது. 1960களில் தானே வரிகள் எழுதிப் பாடத் தொடங்கினார். கரகரப்பான, தாழ்ந்த குரல். பெரிய சுருதிக்கெல்லாம் ஏறாது. "குரலே இல்லாத மிகச் சிறந்த பாடகி" என்று அமெரிக்க ஜாஸ் பாடகி 'எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட்' சொன்னதாகக் குறிப்பிடுவார்கள். பாதி பேச்சும் பாதி பாட்டுமாக, ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் காதில் விழும். மொழி படிக்கிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

பாட்டு, 1968இல் வந்த 'ஃப்யூர் மிஷ் சோல்ஸ் ரோட்டெ ரோசன் ரேக்னன்'. இசை ஹான்ஸ் ஹாமர்ஷ்மிட், வரிகள் அவருடையவை. எனக்காகச் சிவப்பு ரோஜா மழை பெய்யட்டும், உலகம் தன் கவலையைத் தானே வைத்துக்கொள்ளட்டும் என்று கேட்கிறாள் பதினாறு வயதுப் பெண். பிறகு வளர்ந்தவளாக வந்து, அடங்கிப் போக வேண்டும்தான், முடியவில்லை என்கிறாள். 42 வயதில், அடக்கி வாசித்த குரலில் பாடுவதால்தான் அது எடுபடுகிறது. வகுப்பில் படிக்கும் 'சோலன்' (வேண்டும்), 'வோலன்' (விரும்பு), 'க்யோனன்' (முடியும்) என்ற துணைவினைகள் எல்லாம் அந்த ஒரே பாட்டில் வருகிறது, ஆசிரியர் மகிழ்ந்துபோவார்.

நேரம் மிஞ்சினால் 1975இல் வந்த 'டாஸ் உர்டைல்' ('தீர்ப்பு') புத்தகத்தைச் சொல்லலாம். தனக்கு வந்த மார்பகப் புற்றுநோயைப் பற்றி, பிரபலங்கள் வாய் திறக்காத காலத்தில் ஒளிவு மறைவில்லாமல் எழுதியது. 2009இல் வந்த 'ஹில்டெ' அவர் வாழ்க்கையை வைத்து எடுத்த படம்தான், ஆதாரமாகக் காட்டாதீர்கள்.

கேள்வி நேரத்தில் யாராவது ஒருவர் நிச்சயம் கேட்பார்: "அப்போ அவர் நாஜியா?" கட்சி அதிகாரத்தில் இருந்தவரைக் காதலித்தார், போர் முடிந்தபோது 19 வயது, அந்த உறவைப் பிறகு தன் புத்தகத்தில் தானே எழுதினார் என்று மூன்றையும் சொல்லிவிடுங்கள். தீர்ப்பைக் கேட்டவரிடமே விடுங்கள். நேரத்தைப் பிரிப்பதென்றால் படத்துக்கு நான்கு நிமிடம், நடுக்கதைக்கு மூன்று, மிச்சம் பாட்டுக்கு. பாட்டு ஓடும்போது மேலே பேசாதீர்கள், வரிகளைத் தாளில் அச்செடுத்து முன்னாடியே கொடுத்துவிடுங்கள்.